பறம்பைத் திரும்பிப் பார்த்தவர்கள்

வாழ்ந்த மண்ணைப் பிறர் கொள்ள, அதை விட்டு நீங்கியவர்களின் குரல் தமிழுக்குப் புதிதன்று. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு வெளியேறும் கபிலர், பறம்பு மலையைத் திரும்பிப் பார்க்கிறார். புறநானூற்றின் 113, 114ஆம் பாடல்கள் அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவை. அவற்றுக்கு முந்தைய 112ஆம் பாடலில் பாரி மகளிரே பேசுகின்றனர். சென்ற மாதத்து நிலவின்போது தம்மிடம் இருந்தவற்றையும், இம்மாதத்து நிலவின்போது இல்லாமற் போனவற்றையும் எண்ணிப் பார்க்கும் ஐந்தே அடிகள். முற்றுகை எத்தனை நாள் நீடித்தது, படை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இல்லை. ஒரு மலை, ஒரு தந்தை, ஒரு நிலவு. இழப்பைச் சொல்ல அவர்களுக்கு அவ்வளவே வேண்டியிருந்தது.

அந்தப் பாடலை இன்று நாம் வாசிக்க முடிவதற்குக் காரணம், அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள், மனத்தில் வைத்தவர்கள் இருந்தார்கள், ஏட்டில் எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதுதான். கேட்பவர் இல்லாத சாட்சியம் அதைச் சொல்லக்கூடியவரோடு மறைந்துவிடுகிறது. நம் காலத்தில் சில இளைஞர்கள் இந்தக் கேட்கும் வேலையை ஒரு புதிய கருவியின் துணையோடு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது என்ன, அதிலிருந்து விருதுநகர், சூலக்கரை, சிவகாசி வட்டாரத்தவராகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று ராட்கிளிஃப் வரைந்த எல்லைக்கோடு வெளியிடப்பட்டது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சென்றார்கள். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை பலவாறாக மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பெரிய நிகழ்வுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முறையான வாய்மொழிக் காப்பகம் ஒன்று இருக்கவில்லை. குனீதா சிங் பல்லா என்ற இயற்பியலாளர் 2008இல் ஹிரோஷிமா நினைவகத்துக்குச் சென்று, அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் பதிவு செய்யப்பட்ட குரல்களைக் கேட்டார். பிரிவினையைக் கண்டவர்களுக்கு இப்படி ஓர் இடம் இல்லையே என்ற எண்ணம் அவருக்கு அங்கே உண்டாயிற்று. அதிலிருந்து உருவான '1947 பிரிவினைக் காப்பகம்' தன்னார்வலர்களைக் கொண்டு பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்களைச் சேகரித்திருக்கிறது.

இதன் அடுத்த கட்டம் 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடையே பிறந்தது. ஸ்பர்ஷ் அஹுஜா, சாதியா கர்தேசி, அமீனா மலக், சாம் டால்ரிம்பிள் ஆகியோர் சேர்ந்து 'புராஜெக்ட் தாஸ்தான்' என்ற முயற்சியைத் தொடங்கினர். தாஸ்தான் என்றால் உருதுவில் கதை. இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அயல்நாட்டில் ஒரே கல்விக்கூடத்தில் சந்தித்தபோது, இரு தரப்பாரின் வீடுகளிலும் ஒரே வகையான கதைகள் இருந்ததை உணர்ந்தார்கள். அஹுஜாவின் தாய்வழிப் பாட்டனார் சிறுவனாக இன்றைய பாகிஸ்தானிலுள்ள பேலா என்ற ஊரைவிட்டு வந்தவர். அவருடைய குடும்பத்தைக் கலவர நாட்களில் காத்தவர் அவ்வூரின் முஸ்லிம் பெரியவர் ஒருவர். தாங்கள் பிறந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அத்தலைமுறையினர் பலருக்கு இருந்தது. ஆனால் விசா கிடைப்பதரிது. கிடைத்தாலும் உடல் இடங்கொடுக்காது.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. முதலில் முதியவரோடு அமர்ந்து பேசுவார்கள். ஊரின் பெயர், தெருவின் போக்கு, பள்ளிக்கூடம், கிணறு, மசூதியோ கோயிலோ குருத்வாராவோ இருந்த திசை, வாசலில் நின்ற மரம் என ஒவ்வோர் அடையாளமாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பின்னர் எல்லைக்கு அப்பாலுள்ள தன்னார்வலர்கள் அக்குறிப்போடு அவ்வூருக்குப் போவார்கள். அங்குள்ளோரிடம் விசாரித்து அந்த வீட்டையோ அது இருந்த இடத்தையோ தேடிக் கண்டடைவார்கள். நாற்புறமும் ஒரேநேரத்தில் படம்பிடிக்கும் 360 பாகைக் கேமராவால் அதைப் பதிவார்கள். அப்பதிவு முதியவரிடம் திரும்பி வரும். மெய்நிகர்க் கண்ணாடியை அணிந்ததும் அவர் தம் தெருவின் நடுவே இருப்பார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். எழுபது ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்த வாசலை இடப்புறமும் வலப்புறமுமாக அவரே தேடிக்கொள்ளலாம்.

பிரிவினையின் எழுபத்தைந்தாம் ஆண்டான 2022க்குள் எழுபத்தைந்து பேரை இவ்வாறு தம் ஊர்களோடு இணைப்பது என்று திட்டமிட்டார்கள். இடையில் வந்த பெருந்தொற்று பயணங்களைத் தடுத்தது. அதே 2022இல் அவர்கள் உருவாக்கிய 'சைல்டு ஆஃப் எம்பயர்' என்ற மெய்நிகர்ப் படம் சன்டான்ஸ் திரைவிழாவில் இடம்பெற்றது. பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஓர் இந்துவும், இந்தியாவிலிருந்து பாகிஸ்தானுக்குப் போன ஒரு முஸ்லிமும் எதிரெதிரே அமர்ந்து தம் சிறுவயதை நினைவுகூர்வதாக அது அமைந்துள்ளது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலையடுத்து இரு நாடுகளும் விசாக்களை நிறுத்தி, அட்டாரி – வாகா வழியை அடைத்ததை நாம் அறிவோம். அரசுகள் கதவை மூடும் காலங்களில், முன்பே பதிந்து வைத்த காட்சிதான் ஒரு முதியவரைத் தம் வாசல்வரை கொண்டுபோய்விடும்.

பிற நாடுகளிலும் இளையோர் இவ்வழியில் நடந்திருக்கிறார்கள். ஹிரோஷிமா மாநிலத்தின் ஃபுகுயாமா தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், 1945 ஆகஸ்ட் 6 அன்று அழிந்த நகரப் பகுதியை ஐந்து நிமிட மெய்நிகர்க் காட்சியாக மீட்டெடுத்தது 2018இல் செய்தியானது. பழைய புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும் ஆராய்ந்து, தப்பிப் பிழைத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஆற்றங்கரையையும் அஞ்சலகத்தையும் மருத்துவமனை முற்றத்தையும் அவர்கள் கணினியில் கட்டியெழுப்பினர். ஜப்பானில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களாகப் பதிவு பெற்று உயிரோடிருப்போரின் எண்ணிக்கை 2025இல் முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர்களின் சராசரி வயது 86ஐக் கடந்துவிட்டது. மாணவர்களின் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

யூத இன அழிப்பின் சாட்சியங்களைக் காக்க 1994இல் ஸ்பீல்பெர்க் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையும் 2017இல் 'தி லாஸ்ட் குட்பை' என்ற மெய்நிகர்ப் பதிவை வெளிக்கொணர்ந்தது. பின்காஸ் குட்டர் என்ற பெரியவர், தாம் சிறுவனாக அடைபட்டிருந்த மைதானெக் முகாமுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். அவருடைய பெற்றோரும் இரட்டைத் தங்கையும் கொல்லப்பட்ட இடம் அது. அங்கே அரசனுமில்லை, தளபதியுமில்லை. ஒரு முதியவரின் நடை மட்டும் நம்மோடு வருகிறது.

இவற்றையெல்லாம் தமிழிலக்கியம் பயின்றவர்கள் பார்க்கும்போது ஒரு பழைய இலக்கணம் நினைவுக்கு வருவது இயல்பு. அகப்பாடலுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று கூறுகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கரு. இவற்றிடையே நிகழும் மனத்தின் ஒழுக்கம் உரி. துன்பப்பட்ட ஒருவரிடம் போய் நேரடியாக உரிப்பொருளைக் கேட்பதே நம் வழக்கமாக இருக்கிறது. "அப்போது உங்களுக்கு எப்படியிருந்தது?" என்று ஒலிவாங்கியை நீட்டுகிறோம். அவருக்குச் சொல் எழுவதில்லை. எழுந்தாலும் செய்தித்தாள் சொற்களே எழுகின்றன. தாஸ்தான் இளைஞர்கள் கேட்டது முதலையும் கருவையும். எந்த ஊர், எந்த மாதம், வாசலில் என்ன மரம், கிணற்றுத் தண்ணீர் உப்பா இனிப்பா, காலையில் எந்தப் பக்கமிருந்து என்ன ஓசை வரும்? இவற்றைச் சொல்லிக்கொண்டே வருகையில் உரி தானாக வந்து சேர்கிறது. பாரி மகளிர் நிலவைச் சொன்னார்கள், துயரத்தைச் சொல்லவில்லை. துயரத்தை நாமன்றோ உணர்கிறோம்!

ஆகவே மெய்நிகர்க் கண்ணாடி இம்முயற்சியின் கடைசிப் படி. அதற்கு முன்னே இரண்டு படிகள் இருக்கின்றன: பொறுமையாகக் கேட்பது, முதியவருக்குப் பதிலாக ஒருவர் நடந்து போவது. அவ்விரண்டும் இல்லாமல் கண்ணாடி மட்டும் இருந்தால் அது பொருட்காட்சி வேடிக்கையாகவே முடியும்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. கோயில் நுழைவையும் சமூக மதிப்பையும் ஒட்டி நாடார்களுக்கும் மறவர்களுக்குமிடையே முற்றி வந்த பகையின் உச்சம் அது. 'சிவகாசிக் கொள்ளை' என்று இன்றும் பேசப்படுகிறது. அதற்கு முன் 1895இல் கழுகுமலையிலும் கலவரம் நடந்தது. கமுதிக் கோயில் வழக்கோ 1908இல் பிரிவி கவுன்சில்வரை சென்று முடிந்தது. இவற்றை ஆராய்ந்து ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அரசு அறிக்கைகளும் வழக்கு ஆவணங்களும் இருப்பதால் அந்நாட்களின் சட்ட வரலாறு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அன்று காலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிய பெண் எந்தச் சந்து வழியே ஓடினாள், எதை எடுத்துக்கொண்டாள், எதை விட்டுவிட்டாள் என்பதை நீதிமன்றம் கேட்பதற்கு அவசியமில்லை. கேட்க வேண்டிய வேறு எவரும் கேட்டுவைக்கவுமில்லை. தாக்கப்பட்ட தரப்பிலும் தாக்கிய தரப்பிலும் அதைக் கண்ட ஒருவர்கூட இன்றில்லை. அந்த வரலாற்றில் உரிப்பொருள் மட்டுமல்ல, கருப்பொருளும் போய்விட்டது.

இன்னொரு நினைவு முழுதும் அழிந்துவிடவில்லை. விருதுநகர் பர்மா கடையின் எண்ணெய்ப் பரோட்டாவை அறியாதவர் நம் பக்கத்தில் குறைவு. அக்கடைப் பெயரில் ஒட்டியிருக்கும் நாட்டோடு தமிழருக்கிருந்த உறவு பெரிது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. 1937 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பர்மா பிரிக்கப்பட்டது. தாஸ்தான் நிறுவனருள் ஒருவரான சாம் டால்ரிம்பிள், 2025இல் வெளியிட்ட 'ஷாட்டர்ட் லேண்ட்ஸ்' என்ற நூலில், இந்தியப் பேரரசு கண்ட ஐந்து பிரிவினைகளுள் முதலாவதாக இதையே வைக்கிறார். பஞ்சாபின் வீடுகளைத் தேடப் போன இளைஞர் நம் பர்மாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நாம்தான் இன்னும் புறப்படவில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். ரங்கூனிலிருந்து 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்து வந்தவர்களுள் ஒருவர். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்ற நூல் அதற்குச் சாட்சி. அவர் எழுத்தாளர், எழுதினார். அவரோடு நடந்த பல்லாயிரவர் எழுதத் தெரியாதவர்கள். 1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. 1964இல் பெரிய மதிப்புள்ள நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. சுமார் மூன்று லட்சம் இந்தியர், தேடியதை விட்டுவிட்டுக் கப்பலேறினர். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜாரும், தமிழக நகரங்களில் காணும் பர்மா காலனிகளும் அவர்களுடைய தடங்கள். அன்று பன்னிரண்டு வயதில் கப்பலேறியவருக்கு இன்று எழுபதைக் கடந்திருக்கும். அவர் இப்போதும் நம்மோடு இருக்கலாம். பக்கத்துத் தெருவில்கூட இருக்கலாம்.

மூன்றாவது நினைவு இன்னும் அருகில் இருக்கிறது. சூலக்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத குல்லூர்சந்தையில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னும், தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் படகேறி வந்தவர்கள் தமிழகமெங்கும் இத்தகைய முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். 1990இல் முப்பது வயதில் வந்தவர்கள் இப்போது அறுபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் முகாமிலேயே பிறந்து நம் வட்டாரக் கல்லூரிகளில் பயில்கிறார்கள். மன்னாரையோ வவுனியாவையோ திருகோணமலையையோ கண்ணால் கண்டதில்லை. இங்கே தாஸ்தானின் கதை சற்றுத் திரும்பி நிற்கிறது. அங்கே முதியவருக்கு ஊரைக் காட்டினார்கள். இங்கே முதியவருக்கு ஊரைக் காட்டும் அதே காட்சி, பேரனுக்கும் முதன்முதலாக ஊரைக் காட்டும்.

2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து எழுத்துகளைக் காத்துவருவதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். 1981இல் யாழ் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்துபோன நிலத்தில், ஒரே இடத்தில் வைத்தால் ஒரே தீயில் போய்விடும் என்ற பாடம் ஆழப் பதிந்திருக்கிறது. நம் முகாம்களின் நினைவுகளும் அத்தகைய காப்பகங்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. 'சைல்டு ஆஃப் எம்பயர்' எதிரெதிர்த் திசையில் நடந்த இருவரை ஒன்றாக அமர்த்தியதை மேலே கண்டோம். நாம் தொகுக்கும் நினைவிலும் அந்த நேர்மை வேண்டும். ஈழத்தின் துயரைப் பதியும்போது, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் வாசல்களையும் சேர்த்தே பதிய வேண்டும். யாழ் நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். பர்மாவைப் பதிகையில், நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு நம் வட்டிக்கடைகள் எவ்வாறு தோன்றின என்பதையும் கேட்க வேண்டும். தன் புண்ணை மட்டும் காட்டும் காப்பகம் பழியைத்தான் வளர்க்கும்.

இரண்டாவது எச்சரிக்கை கருவியைப் பற்றியது. கணினியால் எதையும் உண்மைபோல் காட்டிவிட முடிகின்ற காலம் இது. குண்டு விழுவதையும் வீடு எரிவதையும் தத்ரூபமாக உருவாக்கிக் காண்பவரை நடுங்கச் செய்யலாம். அந்த நடுக்கம் காண்பவருக்கு அனுபவம். பட்டவருக்கு அது மறுமுறை நேரும் துன்பம். சொன்னதை மட்டும் பதிய வேண்டும். அவர் சொல்லாமல் விட்ட இடத்தை நாம் நிரப்பக் கூடாது. வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். முகாமில் வாழ்வோருக்குக் குடியுரிமைச் சிக்கல்களும் கடலுக்கு அப்பால் உறவினர்களும் உண்டு என்பதால், பெயரையும் முகத்தையும் வெளியிடுவதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 360 பாகைக் கேமரா இன்று ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. பார்ப்பதற்கான கண்ணாடியோ இன்னும் எளிது. 2014இல் கூகுள் நிறுவனம், ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு வில்லைகளைப் பொருத்திக் கைப்பேசியைச் செருகிக்கொள்ளும் மெய்நிகர்க் கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. 2021இல் விற்பனையை நிறுத்திவிட்டாலும் அதன் வரைபடம் பொதுவில் இருக்கிறது. அட்டையை அளவாக வெட்டி மடிப்பதில் சிவகாசிக்கு இணையான ஊர் இந்தியாவில் எத்தனை? நாட்காட்டியும் தீப்பெட்டியும் மத்தாப்புப் பெட்டியும் செய்யும் அதே கைகள், பாட்டியின் கண்ணருகே அவளுடைய முற்றத்தைக் கொண்டுவரும் பெட்டியையும் செய்துவிடும்.

தமிழ்த்துறையில் ஆண்டுதோறும் முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். எழுதித் தேய்ந்த தலைப்புகளையே மீண்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் ஒரேயொரு முதியவரோடு சில மாலைகள் அமர்ந்து, நிலம், பொழுது, மரம், பறவை, உணவு, தொழில், தெய்வம் என்ற தொல்காப்பிய வரிசையிலேயே கேட்டு எழுதினால் போதும். கணினித்துறை மாணவர் கேமராவைப் பார்த்துக்கொள்வார். மன்னாரில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்தக் குறிப்போடு அந்தத் தெருவுக்கு நடந்துபோவார். மியன்மாருக்கு இப்போது போக வழியில்லை எனில் குறிப்பு மட்டுமாவது காத்திருக்கட்டும். 2021 இராணுவப் புரட்சி மூடிய கதவு என்றேனும் திறக்கும்போது, எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கதவுகள் திறக்கக் காத்திருக்கலாம். முதியவர்களால் அப்படிக் காத்திருக்க இயலாது. படம் பிறகு எடுக்கலாம். பெட்டி பிறகு செய்யலாம். வாசலில் என்ன மரம் நின்றது என்ற கேள்வியை இந்த ஆண்டே கேட்டாக வேண்டும்.